இன்று வரவில்லை

நான் வேலைசெய்த அலுவலகத்தில் பாடசாலை எல்லைகளை இப்போது கணினியே வரைகிறதாம். தெருக்களையும் பிள்ளைகளின் தொகையையும் கொடுத்தால், கோப்பி ஆறுவதற்குள் நிறம் தீட்டிய வரைபடம் வந்துவிடுகிறது என்று என்னுடைய கதிரைக்கு வந்திருக்கும் அனாயிஸ் தொலைபேசியில் சொன்னாள். "படம் அழகாகத்தான் இருக்கிறது சாந்தி. ஆனால் அடுத்த மாதம் அதைப் பெற்றோருக்கு முன்னால் காட்ட வேண்டும். அவர்கள் கத்தினால் நான் என்ன செய்வது?" என்று கேட்டாள். அவளுக்கு அப்போது சுருக்கமாக ஏதோ சொல்லி வைத்தேன். முழுப் பதில் நீளமானது. அதை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து மொன்றியலுக்கு அகதியாக வந்தபோது எனக்குப் பிரெஞ்சில் நன்றி சொல்லும் 'மெர்சி' மட்டுந்தான் தெரியும். பகலில் தையல் தொழிற்சாலை, மாலையில் மொழி வகுப்பு என்று சில வருடங்கள் போயின. பிறகு ஒரு பாடசாலை அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை கிடைத்தது. அங்கே தமிழ்ப் பெற்றோருக்கு மொழிபெயர்க்கத் தொடங்கி, கடைசியில் எந்தப் பிள்ளை எந்தப் பாடசாலைக்குப் போகவேண்டும் என்று தீர்மானிக்கும் பிரிவில் போய் நின்றேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது படம் கீறுகிற வேலை. பாடசாலை எல்லை பெரும்பாலும் ஒரு தெருவின் நடுவால் போகும். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஒரு பாடசாலை, எதிர்வீட்டுப் பிள்ளைக்கு இன்னொன்று. முதல் வரைவு அலுவலகத்தில் தயாராகும். அதை நிர்வாக சபை பார்த்து, மக்களிடம் கருத்துக் கேட்க அனுமதி தரும். பாடசாலைக் கதவுகளில் அறிவித்தல் ஒட்டுவோம். பிறகு பகிரங்கக் கூட்டம். பேச விரும்புகிறவர்கள் வாசலில் பெயரைக் கொடுத்துவிட்டு, முறை வரும்போது ஒலிவாங்கிக்கு வருவார்கள். எல்லாம் கேட்டு முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு சபை வாக்களிக்கும்.

விதிகளில் இல்லாத ஒரு வேலையும் இருந்தது. அது எங்கள் பிரிவின் தலைவி மதாம் பெல்ரோஸ் தானாகச் செய்துகொண்டது. எந்த எல்லைக்கோட்டையும் நடந்து பார்க்காமல் அவர் கையெழுத்து வைக்கமாட்டார். அதுவும் பெப்ரவரியில், பனி உறைந்து வழுக்குகிற நாளாகப் பார்த்து, முதுகில் புத்தகங்கள் நிறைந்த பையோடு நடப்பார். "பதின்மூன்று வயதுப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டுதானே போகும்" என்பார். கூட்டங்களில் அவர் குறிப்பு எடுப்பதில்லை. குனிந்து எழுதினால் பாவம், அவர்கள் என் தலைமயிரைப் பார்த்துப் பேசவேண்டி வரும் என்று ஒருமுறை சொன்னார். ஒருவர் பேசி முடித்த பிறகும் அவர் முகத்தையே சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பலபேர் அந்த மௌனத்தில்தான் உண்மையில் சொல்ல வந்ததைச் சொன்னார்கள்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த ஓர் உயர்நிலைப் பாடசாலையின் கதை இது. பெயர் வேண்டாம். ஒரு கோடை விடுமுறையில் திருத்தவேலைக்காகச் சுவரை உடைத்தவர்கள் உள்ளே முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருப்பதைக் கண்டார்கள். பாடசாலை தொடங்கக் கிழமைகளே இருந்தன. நகரின் வடக்கே அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் வெறுமையாக இருந்த ஒரு கட்டடத்துக்கு எல்லாப் பிள்ளைகளையும் தற்காலிகமாகக் கொண்டுபோனோம். அந்தத் 'தற்காலிகம்' நிரந்தரமாவதா, அப்படியானால் எல்லைகளை எப்படி மாற்றுவது என்பதை அடுத்த வசந்தத்தில் சபை முடிவெடுக்க வேண்டும்.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கத்தில் ஜெயக்குமார் அண்ணை. பார்க் மெற்றோ நிலையத்துக்குக் கிட்ட 'டெப்பனர்' என்கிற சின்னப் பெட்டிக்கடை வைத்திருந்தார். மகளுக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. பழைய கட்டடத்தில் படித்த காலத்தில் அம்புலன்ஸில் கொண்டுபோன பிள்ளை. அந்தக் கட்டடத்தைத் திருத்தினாலும் திரும்பிப் போகக்கூடாது என்று நின்றார். மறுபக்கத்தில், திருத்திவிட்டுப் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்றவர்கள். அவர்களுடைய பயம் வேறு: இரண்டு பஸ், இருட்டிய பிறகு வீடுதிரும்பும் பெண்பிள்ளைகள், இரண்டு வேலை செய்யும் தாய்மார். அவர்களை வீடுவீடாகப் போய்த் திரட்டியவர் பிலோமினா அக்கா.

பிலோமினா அக்கா மன்னார்க்காரி. மூன்றாம் மாடி வீடொன்றில், அதே பாடசாலையில் படித்த மகள் ஷெரினோடு இருந்தார். கணவர் காலமாகிவிட்டார். ஷெரினுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், அன்ரன். அவன் பழைய பாடசாலையில் உயர்நிலை மூன்றாம் ஆண்டு படித்தபோது ஒரு காலை பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனவன், பாடசாலைக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டிலிருந்து பாடசாலை இரண்டு தெருத் தள்ளித்தான். பொலிஸ் தேடியது. தேவாலயத்தில் ஆட்கள் சேர்ந்து ஆற்றங்கரை வரை தேடினார்கள். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. அது நடந்து பல வருடங்களாகியிருந்தன.

இலையுதிர்காலத்தில் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்தார்கள். என்னையும் அழைத்திருந்தார்கள். ஜெயக்குமார் அண்ணை மகளின் மூச்சுப் பம்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி கதைத்தார்.

"பிலோமினாக்கா, நான் உங்களோட சண்டைக்கு வரேல்லை. ஆனா சொல்லுங்கோ, அந்தச் சுவருக்குள்ள திரும்ப என்ர பிள்ளையை அனுப்பட்டோ? உங்கட பிள்ளை திரும்பி வருவான் எண்டு நீங்கள் வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்காக என்ர பிள்ளை மூச்சு முட்டிச் சாகோணுமோ?"

அன்ரனைப் பற்றி அக்காவுக்கு முன்னால் அதுவரை யாரும் கதைத்ததில்லை. ஜெயக்குமார் அண்ணையே தான் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டவர்போல நின்றார்.

அக்கா கோபப்படவில்லை. "அவனுக்கு அந்த வழி மட்டுந்தான் தெரியும், தம்பி" என்றார். "பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டு போனா அவன் எங்க வாறது?"

கூட்டம் அப்படியே கலைந்தது. வாசலில் என் கையைப் பிடித்து நிறுத்தினார் அக்கா. "சாந்தி, நீ ஒண்டு கேக்கோணும்" என்று சொல்லித் தன் தொலைபேசியை என் காதில் வைத்தார்.

பிள்ளை முதல் பாடத்துக்கு வராவிட்டால் வீட்டுக்குத் தானாக அழைப்புப் போகும் ஏற்பாடு எங்கள் பாடசாலைகளில் உண்டு. வீட்டு மொழியில் போகும். தமிழ் அழைப்பு என்னுடைய குரல்தான்; வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதிவு செய்தது. பெயரை மட்டும் ஓர் இயந்திரக் குரல் பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்லும். தொலைபேசியில் பதிவாகியிருந்த அந்தச் செய்தியில் என் இளவயதுக் குரல் சொன்னது: "வணக்கம். உங்கள் பிள்ளை…" பிறகு இயந்திரம், "ஆன்-தோன்" என்றது. பிறகு நான்: "…இன்று பாடசாலைக்கு வரவில்லை. காரணத்தைத் தயவுசெய்து அலுவலகத்துக்கு அறிவியுங்கள்."

"எப்ப தொடக்கம் அக்கா?" என்று கேட்டேன்.

"புதுப் பள்ளிக்கூடம் துவங்கின நாள் தொடக்கம். ஒவ்வொரு காலமையும்."

மறுநாளே காரணத்தைக் கண்டுபிடித்தோம். பழைய பாடசாலையின் பதிவுகளைப் புதிய கட்டடத்துக்கு மாற்றியபோது, மூடப்படாமல் கிடந்த அன்ரனின் பதிவும் கூடவே வந்துவிட்டது. கணினி அவனைக் கடைசியாகப் படித்த வகுப்பில், மூன்றாம் ஆண்டில், உட்கார்த்தி வைத்திருந்தது. வகுப்பாசிரியைக்கு முன்னால் அப்படி ஒரு பிள்ளை இல்லை. ஆகவே ஒவ்வொரு காலையும் 'வரவில்லை' என்று குறித்தார். மாலையில் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் விளக்கி, பெயரை அகற்றிவிடுகிறோம், மன்னியுங்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

அவர் சடக்கென்று எழுந்தார். "எடுக்கவேண்டாம்!"

"ஏனக்கா? ஒவ்வொரு நாளும் இதைக் கேட்டு…"

"பொலிஸ் கோப்பை மூடிப்போட்டுது. பாதர் பூசையில, செத்தவைக்குச் சொல்லுற நித்திய இளைப்பாற்றியைச் சொல்லப் பாக்கிறார். உன்ர குரல் மட்டுந்தான் சாந்தி, இண்டைக்கு வரேல்லை எண்டு சொல்லுது. இனி வரமாட்டான் எண்டு சொல்லேல்லை."

இதை நான் மதாம் பெல்ரோஸிடம் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் வழக்கம்போல நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "ஒரு மாணவனின் பெயரை அகற்றுவதற்குக் காரணம் ஒன்று வேண்டும். என்னிடம் இப்போது காரணம் இல்லை" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார். அவர் கருணை காட்டும்போதும் அது விதி மாதிரியே ஒலிக்கும்.

அதே கிழமையில் அக்கா என்னைப் பழைய பாடசாலைக்குக் கூட்டிப்போனார். இடமாற்ற அறிவித்தல் கதவில் பிரெஞ்சில் மட்டும் இருந்தது. அதற்குக் கீழே புதிய விலாசத்தையும் பஸ் இலக்கங்களையும் தமிழில் எழுதி ஒட்டவேண்டும் என்றார். அன்ரனுக்குப் பிரெஞ்சு நன்றாகத் தெரியுமே என்று நான் சொல்லவில்லை. பிற்பகல், நல்ல வெயில். எதிர்ப்பக்கப் பலசரக்குக் கடையில் ஆட்கள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றார்கள். நான் கடதாசியைக் கண்ணாடிக் கதவில் ஒட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே மணி அடித்தது.

குழாய்கள் உறையாமலிருக்கக் கட்டடத்துக்கு மின்சாரம் விட்டுவைத்திருந்தார்கள். மணியை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லைப் போலும். பாடம் மாறுகிற நேரத்து மணி. அது ஓய்ந்ததும் மேல்மாடியில் கதிரைகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. ஒன்றிரண்டு அல்ல, ஒரு வகுப்பே எழும்புகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

"கேட்டதோ?" என்றார் அக்கா மெதுவாக.

"சூடேறுற குழாய் அக்கா. பழைய கட்டடம், அப்பிடித்தான் இரையும்."

"ஓம்" என்றார். ஆனால் நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். கண்ணாடிக்குள் நீளமாகத் தெரிந்த நடைபாதையின் ஓரச் சுவர்களில் பூஞ்சணக் கறுப்பு, மேசை உயரத்துக்கு ஏறியிருந்தது. மேசை கதிரையெல்லாம் கோடையிலேயே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்பது எனக்கு நினைவு வந்தது தெருமுனை திரும்பிய பிறகுதான். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

பனிக்காலம் வந்தது. மதாம் பெல்ரோஸ் பையைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கோடு வழியே நடந்தார், நானும் கூட நடந்தேன். கூட்டத்துக்கு ஆயத்தங்கள் நடந்தன. அக்காவின் பக்கம் வலுத்துக்கொண்டே வந்தது. சபையில் சிலர் தடுமாறத் தொடங்கியிருந்தார்கள். ஜெயக்குமார் அண்ணை என்னோடும் கதைப்பதை நிறுத்தியிருந்தார்.

அப்படியிருக்க, ஒருநாள் மத்தியானத்துக்குச் சற்று முன்பு அக்கா அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சாந்தி, இண்டைக்கு ஃபோன் வரேல்லை."

"ஏதும் பழுதாயிருக்கும் அக்கா."

"ஷெரினுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகேல்லை, என்னோடதான் படுத்திருக்கிறாள். அவளுக்கு ஃபோன் வந்தது. அவனுக்கு வரேல்லை."

பிள்ளை வந்தால் அழைப்பு வராது. அவ்வளவுதான் அந்த ஏற்பாடு. நான் தொலைபேசியை வைத்துவிட்டுக் கணினியைத் திறந்தேன். அன்ரனின் பெயருக்கு எதிரே, எல்லா நாளும் சிவப்பு. அன்று மட்டும் பச்சை.

மதாம் பெல்ரோஸும் நானும் அன்றே பாடசாலைக்குப் போனோம். வகுப்பாசிரியைக்குச் சுகமில்லை, அவருக்குப் பதிலாக ஓர் இளம் ஆசிரியர் வந்திருந்தார். அன்றைக்குத்தான் அந்தப் பாடசாலைக்கு முதல்முறை வந்தவர். அன்ரனைப் பற்றி எதுவும் அறியாதவர்.

"பெயர்களை வாசித்தேன். பதில் சொன்னான், குறித்தேன்" என்றார்.

"யார் பதில் சொன்னது?" என்று கேட்டார் மதாம் பெல்ரோஸ்.

"பின்வரிசையில், சன்னலோரம் இருந்த பையன். குளிர்க்கோட்டைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல நினைத்தேன், மறந்துவிட்டேன்." எங்கள் முகங்களைப் பார்த்து அவர் குழம்பினார். "பிழை இருக்க முடியாது. முதல் பாடத்திலேயே தீ ஒத்திகை நடந்தது. வெளியே பனியில் வரிசையாக நிறுத்தித் தலைகளை எண்ணினேன். வந்தவர்கள் என்று நான் குறித்த தொகையோடு சரியாக வந்தது."

பின்வரிசைப் பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தோம். பெயரைத் தாங்கள் கேட்கவேயில்லை என்றார்கள் சிலர். யாரோ பதில் சொன்னார்கள், திரும்பிப் பார்க்கவில்லை என்றார்கள் சிலர். சன்னலோர மேசை வருடத் தொடக்கத்திலிருந்தே வெறுமை என்பதில் எல்லோரும் ஒற்றுமை.

காரில் திரும்பும்போது மதாம் பெல்ரோஸ், "குளிரில் எல்லோரும் அவசரமாகத்தான் எண்ணுவார்கள்" என்றார். கொஞ்சத் தூரம் போனபின், "பிள்ளைகள் குறும்பு செய்வார்கள்" என்றார். இரண்டையும் என்னிடம் சொன்னாரா தனக்குத்தானே சொன்னாரா தெரியாது. கையுறையைக் கழற்றாமலே ஓட்டினார்.

அக்காவுக்கு எப்படிச் சொல்வது? அவர் நம்பிக்கை எப்படி வேண்டுமானாலும் திரும்பலாம் என்று பயந்தேன். புதிய பாடசாலை வாசலில் போய்க் குந்திவிட்டால்? மதாம் பெல்ரோஸ் தானும் வருவதாகச் சொன்னார். மூன்று மாடியும் ஏறி, அந்தச் சின்னக் குசினியில் உட்கார்ந்து, பதில் ஆசிரியர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னோம். பெரும்பாலும் யாரோ ஒரு பையனின் குறும்பாக இருக்கும் என்பதையும் நான் சேர்த்துச் சொன்னேன்.

அக்கா கேட்டுக்கொண்டேயிருந்தார். "கோட்டுப் போட்டிருந்தவனோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அக்கா. அப்பிடித்தான் சொன்னவர்."

"நல்லது. அவனுக்குக் குளிர்ந்திருக்காது."

பிறகு என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். "பயப்பிடாதை சாந்தி. எனக்கு விசரில்லை. ஆரோ பகிடி விட்டிருப்பாங்கள் எண்டு எனக்கும் விளங்குது. ஆனா எத்தினை வருசத்துக்குப் பிறகு, ஒரு காலமை, என்ர பிள்ளை வரேல்லை எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. அண்டைக்கு நான் உலை வைச்சுச் சமைச்சுச் சாப்பிட்டன்."

மதாம் பெல்ரோஸ் மொழிபெயர்ப்பைக் கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனத்தில் அக்கா சொன்னார்: "அவன் புதுப் பள்ளிக்கூடத்துக்கு வழியைக் கண்டுபிடிச்சிட்டான். இனி நான் மறிக்கிறது சரியில்லை."

வசந்தத்தில் நடந்த பகிரங்கக் கூட்டத்துக்கு நின்று பார்க்கவும் இடமில்லாமல் சனம் வந்தது. கத்தல், கைதட்டல், ஒருவரை ஒருவர் மறித்தல் எல்லாம் இருந்தன. அக்காவின் முறை வந்தபோது அவர் பக்கத்து ஆட்கள் மேசைகளில் தட்டி ஆரவாரித்தார்கள். அவர் ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

"ஜெயக்குமார் தம்பியின்ர பிள்ளை மூச்சு விடோணும். பள்ளிக்கூடம் அங்கயே இருக்கட்டும். பஸ்ஸை மட்டும் எங்கட தெரு முனைக்கு விடுங்கோ."

அவ்வளவுதான். பக்கத்தில் நின்று அதைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் பக்கத்துப் பெண் ஒருத்தி, "எங்களை நட்டாத்தில விட்டிட்டியே அக்கா!" என்று கத்தினாள். ஜெயக்குமார் அண்ணை பின்வரிசையில் இருந்து எழுந்தார். திரும்பவும் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

இடமாற்றம் நிறைவேறியது. பஸ்ஸும் தெரு முனைக்கு வந்தது. அக்காவை நம்பிக் கையெழுத்து வைத்த சிலர் அதன்பிறகு தேவாலயத்திலும் அவரோடு கதைக்கவில்லை. அவர்களிலும் பிழையில்லை. அவர்களுடைய பெண்பிள்ளைகள் இருட்டில்தான் வீடு திரும்பினார்கள்.

வாக்கெடுப்பு முடிந்த கிழமையே அக்கா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "ஒரு நாளெண்டாலும் போயிட்டான். இனிப் பெயரை எடுங்கோ" என்றார்.

மதாம் பெல்ரோஸ் தானே கணினிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒரு மாணவன் ஏன் போகிறான் என்று கணினி கேட்கும். கொடுக்கப்பட்டிருக்கும் காரணங்களில் ஒன்றைத் தெரிவு செய்யவேண்டும். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்தேன். படிப்பை முடித்துவிட்டார். நாட்டைவிட்டுப் போய்விட்டார். இறந்துவிட்டார். வேறு பாடசாலைக்கு மாறிவிட்டார். இறந்துவிட்டார் என்பதை வாசிக்கும்போது அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை.

"மாறிப் போயிட்டான்" என்றார் அவர்.

எந்தப் பாடசாலைக்கு என்று கணினி கேட்டது. அந்த இடத்தை வெறுமையாக விட முடியாது. மதாம் பெல்ரோஸ் பழைய பாடசாலையின் இலக்கத்தை அடித்தார். அந்தப் பாடசாலையை நாங்கள் முறைப்படி மூடி, அதன் இலக்கத்தை நீக்கியிருந்தோம். நீக்கிய இலக்கத்தைக் கணினி ஏற்காது. சிவப்பில் பிழையென்று காட்டும். நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

திரை ஒருமுறை வெளுத்தது. பிறகு, மாணவர் ஏற்றுக்கொள்ளப்பட்டார் என்று காட்டியது.

மதாம் பெல்ரோஸ் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "என்ன சொல்லுது?" என்று அக்கா கேட்டார். உள்ளதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு, எங்கள் இருவருக்கும் 'மெர்சி' சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.